ரெண்டாயிரம் ரூபாய் டார்ச்: எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

போன வருஷம் ஒரே மாடல் டார்ச் லைட் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மச்சானுக்கு. ஒரே பெட்டி, ஒரே நிறம், ஒரே விலை. என்னுடையது இன்றுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. மச்சானுடையதைப் பற்றி மூன்றாம் நாளே போன் வந்துவிட்டது.

"ஏன் மாப்ள, வெளிச்சம் என்னமோ அடுத்த தோட்டம் வரைக்கும் அடிக்குது. ஆனா சார்ஜே ஏற மாட்டேங்குது. கையில ஒரு தட்டு தட்டினா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இதுக்கா ரெண்டாயிரம் குடுத்த?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு டார்ச்சையும் அக்கக்காகக் கழற்றி வைத்துப் பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதும், பிறகு நாலைந்து டார்ச் வாங்கிப் பழகியதில் தெரிந்ததும்தான் இந்தக் கட்டுரை. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் எந்த டார்ச்சிலும் இவற்றில் ஒன்றிரண்டு குறை தலைகாட்டலாம்.

முதலில், எந்த ரகத்தைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். கடைத்தெருவில் 150 ரூபாய்க்குத் தொங்கும் பிளாஸ்டிக் டார்ச் இல்லை இது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று விற்கும் போலீஸ்காரர், மலையேறிகள் ரகமும் இல்லை. இடைப்பட்டது. 1,500 முதல் 3,000 ரூபாய் வரை. அலுமினிய உடம்பு, உள்ளே கழற்றி மாட்டக்கூடிய ஒற்றை லித்தியம் செல், நாலைந்து அளவு வெளிச்சம். கான்வாய், சோஃபிர்ன், வூர்கோஸ் போன்ற சீனக் கம்பெனிகள் புகழ்பெற்றது இந்த ரகத்தில்தான். டார்ச் லைட் மேல் பைத்தியமாக இருக்கும் ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. கேமரா பைத்தியம், பேனா பைத்தியம் மாதிரி இதுவும் ஒன்று. அந்த ஆட்கள் கேட்கிற தரத்தைக் குறைந்த விலையில் கொடுக்கப் பார்க்கும் பண்டம் இது.

அப்படிக் கொடுக்க வேண்டுமென்றால் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். பொதுவாக நாம் நினைப்பது, மட்டமான பல்பைப் போட்டிருப்பார்கள் என்று. நான் பார்த்தவரை அங்கே கை வைப்பதில்லை. எல்.இ.டி. முதல் தரம், உடம்பு நல்ல கடைசல் வேலை. கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்: ஸ்பிரிங், சுவிட்ச், சார்ஜ் ஏற்றும் துளைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடுகளவு ரெசிஸ்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எரித்துப் பார்க்கிற ஆளின் கூலியில். அந்த வேலை வாங்குகிறவன் தலையில் விழுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் முன்பு இருந்தது மூன்று பெரிய பேட்டரி போடும் ஸ்டீல் டார்ச். கையில் பிடித்தால் உலக்கை கனம். அதன் குண்டு பல்பு கொடுத்தது இருபது, முப்பது லூமன் தேறினால் அதிகம். லூமன் என்பது விளக்கிலிருந்து மொத்தமாக வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவர்த்தி சுமார் 12 லூமன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மனதில் நிற்கும். கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு செல்லைப் போட்டு இன்றைய டார்ச் 1,000 லூமன் கொடுக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு வீட்டுக்குள் கொடுத்த வெளிச்சத்தை விட இது கூடுதல்.

ஆனால் இந்த லூமன் எண்ணை வைத்து மட்டும் டார்ச் வாங்காதீர்கள். நம் கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பதில்லை. 500 லூமனையும் 1,000 லூமனையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்த்தால் 'கொஞ்சம் கூட' என்றுதான் தோன்றும். இரட்டிப்பு வெளிச்சம் என்று கண் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய நாலு மடங்கு லூமன் வேண்டும். 1,000-க்கும் 1,200-க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

கண் உடனே கண்டுபிடிப்பது வேறொன்றை: வெளிச்சத்தின் நிறம். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பங்கை வேறு நிறங்களாக மாற்ற, எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நகாமுரா 1993-இல் பளிச்சென்ற நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். நீல எல்.இ.டி.க்காக அவருக்கும் அகாசாகி, அமானோ என்ற இருவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே நிச்சியாவின் எல்.இ.டி. போட்ட டார்ச் இன்று மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

மஞ்சள் பூச்சு மெலிதாக இருந்தால் நீலம் தூக்கலாக இருக்கும். 6,500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். லூமன் எண் அதிகமாக வரும், விளம்பரத்துக்கு நல்லது. ஆனால் அந்த வெளிச்சத்தில் செம்மண், காய்ந்த மட்டை, சருகு எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஒரே நிறமாகத் தெரியும். பூச்சு கனமாக இருந்தால் 4,000 கெல்வின் அளவில் சற்றே மஞ்சள் ஓடிய வெளிச்சம் வரும், லூமன் குறையும். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். சாதாரண எல்.இ.டி. எழுபது வாங்கும், நல்லது தொண்ணூறுக்கு மேல்.

இது அழகு சமாசாரம் என்று நானும் முதலில் நினைத்தேன். மச்சான் தோப்பில் ராத்திரி மோட்டார் போடப் போகும்போது இரண்டு விதத்தையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம். வெள்ளை வெளிச்சத்தில் வாய்க்கால் ஓரச் சருகு ஒரே விரிப்பாகத் தெரிந்தது. மஞ்சள் ஓடியதில் மட்டை தனி, சருகு தனி, மண் தனி. கண்ணாடி விரியன் படுத்துக்கிடப்பது அந்தச் சருகுக்குள்தான். தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் நூறு, இருநூறு லூமனை விட்டுக்கொடுத்தாவது தொண்ணூறு மார்க் எல்.இ.டி.யைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியின் மேல் போடும் எண்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்ற தர அளவு வந்தது. பல கம்பெனிகள் இப்போது அதைச் சொல்லித்தான் எண் போடுகின்றன. அதன்படி வெளிச்சத்தை அளப்பது சுவிட்ச் போட்டு 30 விநாடி கழித்து. எவ்வளவு நேரம் எரியும் என்பது, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. எவ்வளவு தூரம் அடிக்கும் என்பது, வெளிச்சம் கால் லக்ஸ் ஆகத் தேயும் இடம் வரை. கால் லக்ஸ் என்றால் ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். ஆக, '200 மீட்டர்' என்று போட்டிருந்தால் இருநூறாவது மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் தெரியும். அங்கே நிற்பது மாடா மனுஷனா என்று சொல்ல வேண்டுமானால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

'1,000 லூமன், 3 மணி நேரம்' என்று பார்த்தால் ஒரு மனக்கணக்கு போடுங்கள். 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்றில் இருப்பது சுமார் 10.8 வாட்-மணி மின்சாரம். ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் 1,000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். ஒரு மணி நேரத்தில் செல் காலி. அப்புறம் மூன்று மணி நேரம் எப்படி? ஆயிரத்தில் இரண்டு மூன்று நிமிஷம், பிறகு தானாகவே முந்நூறு, நானூறுக்கு இறங்கி மீதி நேரம் முழுக்க அதில் எரியும். பெட்டியில் இருப்பது பொய் இல்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பேர் போட்ட எல்லாரும் பந்தி முடியும் வரை மண்டபத்தில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிற மாதிரி நாம் படித்துவிடுகிறோம்.

அப்படி இறங்குவது குறையும் இல்லை. எல்.இ.டி. வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சமாகிறது, மீதி சூடு. 10 வாட்டில் ஏழு வாட் சூடு என்றால், நூறு கிராம் அலுமினியம் நிமிஷத்துக்கு நாலைந்து டிகிரி ஏறும். 30 டிகிரியில் ஆரம்பித்து ஐந்தாறு நிமிஷத்தில் 55-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் கையில் பிடிக்க முடியாது, செல்லுக்கும் கேடு. சித்திரை மாசத்து ராத்திரியில் இன்னும் சீக்கிரம் சுடும். சூடாகிறதே என்று என்னிடம் குறைப்பட்டவர்களுக்கு நான் சொல்வது: சுட்டால் நல்லது. எல்.இ.டி.யின் சூடு உடம்புக்கு வந்து சேர்கிறது என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் பத்து நிமிஷம் எரிந்தும் உடம்பு சில்லென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும். எல்.இ.டி. தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே ஏதோ ஒட்டவில்லை, சூடு முழுக்க எல்.இ.டி.யிலேயே தங்கி அதைத் தின்கிறது.

இனி மச்சானுடைய டார்ச்சுக்கு வருவோம்.

சார்ஜ் ஏறாத கதை விசித்திரமானது. டைப்-சி துளை இருந்தது. மச்சான் தன் புதுப் போனின் சார்ஜரைச் செருகினார். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிள். விளக்குக்கூட எரியவில்லை. செல் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நான் என் பையிலிருந்த பழைய சார்ஜரைச் செருகினேன். ஒரு முனை அகலமான பழைய யூ.எஸ்.பி., மறுமுனை டைப்-சி. உடனே சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறியது.

காரணம் இதுதான். இரண்டு முனையும் டைப்-சி ஆன இணைப்பில், எதிரே ஒரு பொருள் மாட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரத்தை விடும். அதைத் தெரிவிக்கும் அடையாளம், துளைக்குப் பின்னால் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு. மொத்தமாக வாங்கினால் காசுக் கணக்கில்கூட வராத பொருள். அதை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பழைய ரக சார்ஜர் யார் என்ன என்று கேட்காமல் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதில் மட்டும் ஏறும். கதவைத் தட்டாமல் வாசலில் நின்றவனை வீட்டுக்காரர் எப்படிக் கூப்பிடுவார்? இதே குறை என் டார்ச்சிலும் இருந்தது. நான் பழைய சார்ஜரிலேயே போட்டுக்கொண்டிருந்ததால் தெரியவில்லை, அவ்வளவுதான். 'ஒரு குறையும் இல்லாத' என் டார்ச்சின் லட்சணம் அது.

தட்டினால் அணைவதற்குக் காரணம் வேறு. டார்ச்சில் மின்சாரம் ஓடும் வழியைப் பாருங்கள்: செல்லின் பின்முனையிலிருந்து ஸ்பிரிங், ஸ்பிரிங்கிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து வெளி உடம்பு, உடம்பு வழியாக முன்னே போய்த் தலைப்பகுதி. இடையில் கம்பி கிடையாது, உடம்பே கம்பி. அந்தக் குழாயின் விளிம்பும் மூடியின் உட்புறமும் தொடும் இடத்தில் எண்ணெயோ தூசியோ கடைசல் பொடியோ இருந்தால் தொடுப்பு விட்டு விட்டு வரும். மச்சான் டார்ச்சின் பின்மூடியைக் கழற்றி விரலை விட்டுத் தேய்த்தபோது விரல் கறுப்பாக மினுங்கியது. அலுமினியப் பொடி. கடைந்த பிறகு கழுவாமல் மாட்டியிருக்கிறார்கள். பழைய பனியன் துணியில் ஸ்பிரிட் நனைத்து மரையையும் விளிம்பையும் துடைத்தோம்.

அப்படியும் லேசாக விட்டது. மூடிக்குள்ளே சுவிட்சை இருத்திப் பிடிக்கும் பித்தளை வளையம் ஒன்று இருக்கும். அதில் எதிரெதிரே இரண்டு சின்னக் குழி. குறட்டின் கூர்முனை இரண்டையும் அந்தக் குழிகளில் வைத்துத் திருகினால் முக்கால் சுற்று சுற்றியது. கையால் கூட முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். முடுக்கியதும் விளக்கு கல் மாதிரி நின்றது. தட்டினோம், உதறினோம், மச்சான் மகன் திண்ணையிலிருந்து கீழே போட்டும் பார்த்துவிட்டான். அணையவில்லை.

"இவ்வளவுதானா? இதை அங்கயே முடுக்கி அனுப்பறதுக்கு என்ன கேடு?" என்றார் மச்சான். நியாயமான கேள்வி. அந்த முக்கால் சுற்றுக்கு ஓர் ஆள், அரை நிமிஷம். விலையைக் குறைத்தது அந்த அரை நிமிஷத்தில்தான்.

ஸ்பிரிங்கும் கவனிக்க வேண்டியது. ரேடியோ, கடிகாரத்துக்கு மெல்லிய ஸ்பிரிங் போதும், ஓடும் மின்சாரம் கொஞ்சம். இந்த டார்ச்சுகளில் 3 ஆம்பியர் ஓடுகிறது. மெல்லிய இரும்பு ஸ்பிரிங்கில் அவ்வளவு ஓடினால் அதிலேயே கொஞ்சம் வோல்ட் தங்கிவிடும், வெளிச்சம் குறையும், ஸ்பிரிங்கும் சுடும். நாளடைவில் அதன் விறைப்பு போய்த் தொடுப்பு தளரும். விஷயம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங்கின் அடியையும் நுனியையும் ஒரு சின்னச் செம்புக் கம்பியால் இணைத்துச் சாலிடர் வைத்துவிடுகிறார்கள். மின்சாரம் செம்பு வழியே போகும், ஸ்பிரிங் அழுத்துகிற வேலையை மட்டும் பார்க்கும். செல்போன் ரிப்பேர் கடையில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள். நான் செய்துகொண்டேன், வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் கூடவில்லை. அதனால் அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீர் விஷயம். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.8 என்று போட்டிருக்கும். எட்டு என்றால் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் முங்கினாலும் தாங்கும் என்று பொருள், எவ்வளவு ஆழம் என்பதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும். தாங்கவைப்பது மரைக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் வளையம், ஓ-ரிங். புது டார்ச்சில் மரையின் ஓரம் கூராக இருந்தால் நாலு முறை திறந்து மூடுவதற்குள் அந்த வளையத்தில் கீறல் விழும். விழுந்தால் எட்டாவது ஏழாவது, பின்மூடி வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். கூடவே வரும் உபரி வளையங்களைத் தூக்கிப் போடாதீர்கள். சிலிக்கான் கிரீஸ் சிறிது தடவுங்கள். கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தடவி மரையில் பிசுக்குச் சேர்ப்பதை விடச் சும்மா விடுவது மேல்.

நடுவில் வெளிச்சம் வட்டமாக விழாமல் ஒரு பக்கம் நசுங்கினாற்போல் விழுந்தால் எல்.இ.டி. கிண்ணத்தின் நட்ட நடுவில் இல்லை என்று அர்த்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும். சுவரில் அடித்துப் பார்க்கிறவர்களை மட்டும் உறுத்துகிற குறை இது, தோட்டத்தில் நடக்கும்போது யாருக்கும் தெரியாது. இதற்காகச் சண்டை போடாதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் படபடவென்று துடிப்பதுதான் சிலருக்குத் தலைவலி தரும். வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை விநாடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து எரிக்கும் மலிவு முறை அது. ஓடும் மின்விசிறி மேல் அடித்தால் இறக்கைகள் துண்டு துண்டாகத் தெரியும். செல்போன் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். அதிலேயே படிக்கப்போகிறவர்கள் அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கும் டார்ச்சுகளில் இன்னொன்று. அந்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை, உள்ளே இருக்கும் சிறு கம்ப்யூட்டருக்குச் சைகை கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்தே இருக்கும், செல்லைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். 50 மைக்ரோ ஆம்பியர் குடித்தால் 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல் காலியாக ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும், கவலையில்லை. ஒரு மில்லி ஆம்பியர் குடித்தால் நாலே மாசம். மழைக்காலத்துக்கென்று அலமாரியில் எடுத்து வைத்தவர் கரண்ட் போன ராத்திரியில் எடுத்தால் எரியாது. இதற்கு மருந்து, பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பது. இந்த ரக டார்ச்சுகளில் மரைக்குப் பூசும் கடினப் பூச்சில் மின்சாரம் பாயாது, விளிம்பு தொட்டால்தான் பாயும். கால் சுற்று தளர்ந்தால் விளிம்பு விலகிவிடும். பைக்குள்ளே தானாக எரிந்து துணியைச் சுடும் ஆபத்தும் இதனால் போய்விடும்.

செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டார்ச்சில் வரும் குறை எரிச்சல் தரும், செல்லில் வரும் குறை தீயைத் தரும்.

பெரும்பாலும் போடுவது 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவம் என்பதற்காக. நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். லித்தியம் செல்லைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதனால் டார்ச் பல நேரம் செல் இல்லாமலே வந்து சேர்கிறது. செல்லை உள்ளூரில் தேடுகிறோம். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று பளபளப்பான தாளில் அச்சடித்த செல் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்காதீர்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் 18650 செல்லில் வழக்கமாகக் கிடைப்பதே 3,500, 3,600 வரைதான். சந்தேகமாக இருந்தால் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ நிற்கும். போலி முப்பதைத் தாண்டினால் அதிசயம். போலிகளை வெட்டிப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு குட்டிச் செல்லும் மீதி இடத்தில் பொடியும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் வெட்டிப் பார்க்க வேண்டாம். எனக்குத் தெரிந்த நகைக்கடையில் தராசைக் கேட்டு வாங்கி மூன்று செல் நிறுத்தேன். இரண்டு 46, ஒன்று 29. கடைக்காரர் தங்கத்தை விட இதைக் கவனமாகப் பார்த்தார்.

செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அதை டார்ச்சில் போடாதீர்கள். செல்லின் வெளித்தகடு முழுவதும் எதிர்முனை. மேலே, நேர்முனைக் குமிழைச் சுற்றி மெல்லிய வட்டமாக இருப்பதும் எதிர்முனைதான். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் ஒரு துண்டு உறையும்தான் காவல். அந்த இடத்தில் கிழிந்து, நேர்முனையைத் தொடும் உலோகம் அந்த வட்டத்தையும் தொட்டுவிட்டால் செல் தனக்குள் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். வாங்கும்போது நீளத்தையும் கவனியுங்கள். பாதுகாப்புச் சுற்று ஒட்டிய செல் ஐந்து மில்லிமீட்டர் வரை கூடுதல் நீளமாக இருக்கும், சில டார்ச்சுகளில் மூடி மூடாது. சில டார்ச்சுகளில் நேர்முனையில் குமிழ் இல்லாத தட்டைச் செல் தொடாது. 'டார்ச் எரியவில்லை' என்று வரும் புகாரில் கணிசமானது இந்தத் தட்டைக் குழப்பம்தான்.

பெட்டி வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செல்லைப் போடுவதற்கு முன்பே இரண்டு மூடியையும் கழற்றி மரையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கறுத்தால் கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். பின்மூடியின் பித்தளை வளையத்தை முடுக்குங்கள். செல் போட்டு ஒவ்வொரு வெளிச்சமாக மாற்றும்போது உள்ளங்கையில் தட்டுங்கள். முழு வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் விட்டுச் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். கையிலிருக்கும் எல்லாக் கேபிளையும் செருகி, எதில் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். ஏறி முடிந்ததும் மல்டிமீட்டரில் செல்லை அளந்தால் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். 4.25-க்கு மேல் காட்டினால் அந்தத் துளையில் இனிச் சார்ஜ் போடாதீர்கள். தனியாக ஒரு சார்ஜர் வாங்கிவிடுங்கள், அல்லது டார்ச்சைத் திருப்பி அனுப்புங்கள். கடைசியாக, ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம். திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இவ்வளவையும் செய்துவிட வேண்டும். கெடு முடிந்தபின் சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் தபால் செலவில் பாதி டார்ச் வாங்கிவிடலாம்.

இவ்வளவு பாடுபட்டு இதை வாங்க வேண்டுமா என்றால், கையில் ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும் என்பவருக்கு வாங்கு என்பேன். இந்தக் காசுக்கு இப்படி ஒரு வெளிச்சம் இதற்கு முன் கிடைத்ததே இல்லை. வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பதானால், மேலே சொன்ன சோதனையை நீங்கள் முடித்துவிட்டு, சார்ஜ் ஏறும் கேபிளையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். சார்ஜ் போடவே மறந்துவிடுவார்கள் என்றால், கடையில் எங்கும் கிடைக்கும் சாதா பேட்டரி டார்ச்சே அவர்களுக்கு நல்லது.

மச்சானுடைய டார்ச் இப்போது மோட்டார் ரூம் ஆணியில் தொங்குகிறது, பின்மூடி கால் சுற்று தளர்ந்தபடி. பக்கத்திலேயே ஒரு பழைய கேபிள், அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி 'டார்ச்சுக்கு மட்டும்' என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறான்.